பதினைந்தாவது தலை

எங்கள் பள்ளியில் கடைசி வருஷத்துப் பிள்ளைகளுக்கு மூன்று விதமான ஆங்கிலம் விற்கிறோம். விற்கிறோம் என்று சொன்னால் பிரின்சிபாலுக்குக் கோபம் வரும். வழங்குகிறோம் என்று சொல்ல வேண்டும். மேல்மாடியில் உயர் ஆங்கிலம். நடுமாடியில் பொது ஆங்கிலம். தரைத்தளத்தில், மரவேலைப் பட்டறைக்கு அடுத்த அறையில், தொழில் ஆங்கிலம். மேலே நாவல், நாடகம், நாலு பக்கத்துக்குக் குறையாத வாதக் கட்டுரை. நடுவில் பத்தியைப் படித்துப் பதில் எழுதுதல், சுருக்கி எழுதுதல், கடிதம். கீழே படிவம் நிரப்புவது, தொலைபேசியில் மரியாதையாகப் பேசுவது, வேலைக்கு மனு போடுவது. அங்கே வாத்தியார் பேசும்போது பக்கத்து அறையில் ரம்பம் ஓடினால், ரம்பம் சொல்வதுதான் பிள்ளைகள் காதில் விழும்.

நான் பதினோரு வருஷமாக மேல்மாடிக்காரன். ஜன்னலை ஒட்டி மரம், வட்டமாகப் போட்ட மேஜைகள், வீட்டில் புத்தக அலமாரி வைத்திருக்கிற பிள்ளைகள். இந்தச் சுகத்துக்கு ஒரே ஒரு நிபந்தனை. பள்ளி திறந்த மூன்றாவது திங்கட்கிழமை கல்வி அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து ஒவ்வொரு வகுப்பின் வாசலிலும் நின்று தலை எண்ணுவார். உயர் ஆங்கிலத்தில் பதினைந்து தலை இருந்தால் வகுப்பு நடக்கும். பதினாலு என்றால் வகுப்பைக் கலைத்துவிட்டு, பிள்ளைகளை நடுமாடிக்கும் வாத்தியாரைத் தரைத்தளத்துக்கும் அனுப்பிவிடுவார்கள்.

அந்த வருஷம் என்னிடம் இருந்தது பதினாலு.

நான் துணிக்கடைத் தெருவில் வளர்ந்தவன். ஒரு மீட்டர் குறைகிறது என்றால் எங்கள் ஆட்களுக்கு அழுகை வராது; எந்தச் சுருளில் மிச்சம் கிடக்கிறது என்று கண் தேடும். மிச்சம் நடுமாடியில் கிடந்தது. அங்கே முப்பத்துநாலு பேர். அந்த வகுப்பின் ஆசிரியைக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் அரைமார்க். கையெழுத்து சாய்ந்தால் அரை மார்க், ஓரக்கோடு வளைந்தால் அரை மார்க் என்று அறுத்து எடுப்பார். ஆசிரியர் அறையிலும் அந்தப் பெயரே நின்றுவிட்டது; அவரும் அதைப் பட்டம் மாதிரி சுமந்துகொண்டிருந்தார்.

ஒரு நாள் அரைமார்க் விடுப்பில் போனதால் அவர் வகுப்பைப் பார்த்துக்கொள்ள என்னை அனுப்பினார்கள். மேஜைமேல் நோட்டுகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றாகப் புரட்டினேன். பெரும்பாலும் கைத்தறியும் இல்லை, பட்டும் இல்லை. சலவைக்குத் தாங்கும், அவ்வளவுதான். கடைசிக்கு முந்திய நோட்டில் கை நின்றது. 'எனக்குத் தெரிந்த ஒரு வேலை' என்பது தலைப்பு. ஒரு பெண் தன் அம்மாவைப் பற்றி எழுதியிருந்தாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. படுக்கை விரிப்பை முகர்ந்தே எந்த வார்டு என்று அம்மா சொல்லிவிடுவாளாம். பிரசவ வார்டு விரிப்புகளைத் தனியாக ஊறப்போடுவாளாம். பாசத்தால் இல்லை, கறை அதிகம் என்பதால். பன்னிரண்டு வரிதான். இலக்கணம் நொண்டியது. ஆனால் அந்த நொண்டிக்கு நடக்கத் தெரிந்திருந்தது.

எழுதியது யார் என்று கேட்டேன். மூன்றாவது வரிசையில் ஒருத்தி எழுந்து நின்றாள். சின்ன வயசிலிருந்தே நர்ஸ் ஆவேன், நர்ஸ் ஆவேன் என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு ஊசி என்று பெயர் வந்திருந்தது. ஆளும் அப்படித்தான் இருந்தாள், நேராக, ஒல்லியாக.

அந்தப் பன்னிரண்டு வரியை வகுப்பில் உரக்கப் படித்தேன். முதலில் சிரித்தார்கள். விரிப்பு முகர்கிற இடம் வந்ததும் சிரிப்பு நின்றது. ஊசியின் காது இரண்டும் சிவந்துபோயின. சரக்கு மனசில் இறங்கிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

மணி அடித்ததும் அவளை வராந்தாவில் பிடித்தேன்.

"நீ மேல வரணும்மா. இங்க உக்காந்து சுருக்கி எழுதிக்கிட்டிருக்கிற ஆள் இல்ல நீ."

"வேணாம் சார். எனக்கு நர்சிங் காலேஜுக்கு இங்கிலீஷ்ல அறுபது வந்தா போதும். இங்க எழுபது வருது."

"அறுபதுக்கு வந்தவளுக்கு நான் தொண்ணூறு அளந்து தரேன்னு நிக்கறேன். வேணாங்கிறியே."

"மேல கஷ்டம்னு சொல்றாங்க சார்."

"யாரு? மேல வர முடியாதவங்கதானே?"

சிரித்தாள். சிரிக்க வைத்தால் பாதி வியாபாரம் முடிந்தது. நர்சிங் கல்லூரியின் விதி எனக்கும் தெரியும். உயர் ஆங்கிலமோ பொது ஆங்கிலமோ, எதுவானாலும் அறுபது. தொழில் ஆங்கிலம் என்றால் மனுவையே பிரிக்க மாட்டார்கள்.

மறுநாள் மதியம் அவள் அம்மா வந்தார். சலவைக்கூடத்து நீல மேலங்கியோடு, கைவிரல் நுனிகள் சோடாவில் வெளுத்துச் சுருங்கி, நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். அரை மணி நேரம் அனுமதி கேட்டு வந்திருந்தார்.

"எனக்கு இதெல்லாம் தெரியாதுங்க சார். நான் விரிப்பைத் துவைச்சது போதும். எம் பொண்ணு அதை விரிக்கிற ஆளா ஆயிடணும். அவ்வளவுதான்."

"அதுக்கும் மேலயே ஆவா. அவ எழுதினதை நான் படிச்சேன்."

"என்னைப் பத்தி எழுதியிருக்காளாமே. கறை கிறைன்னு எழுதி மானத்தை வாங்கிட்டா." சொல்லும்போது முகம் மலர்ந்தது. பிறகு குரலைத் தாழ்த்தினார். "சார், ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. மேல முடியலைன்னா, திரும்பப் பழைய வகுப்புக்கே வந்துடலாமில்ல?"

பள்ளியில் நான் சந்தித்த ஒரே புத்திசாலித்தனமான கேள்வி அது. பதில்: அரையாண்டு வரை வரலாம், நடுமாடி ஆசிரியை கையெழுத்துப் போட்டால். போட வேண்டும் என்று அவருக்குக் கட்டாயம் இல்லை.

"தாராளமா," என்றேன்.

அவர் கையெழுத்துப் போட்டார். அரைமார்க்கும் தன் பங்குக்குப் போட்டார். ஒரு நோட்டு குறைகிறது என்றால் அவருக்கும் லாபம்தானே. மூன்றாவது திங்கட்கிழமை கல்வி அலுவலகத்து ஆள் வந்தார். வாசலில் நின்று விரலை ஆட்டி ஆட்டி எண்ணினார். பதினைந்தாவது தலை ஜன்னலோரம் புது நோட்டுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தது.

அதற்கப்புறம் அந்தத் தலையால் எனக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை. எண்ணிக்கை வருஷத்துக்கு ஒரு முறைதான்.

ஊசி உழைத்தாள். அதை மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை. நாவலை இரண்டு தரம் படித்தாள். தெரியாத சொற்களையெல்லாம் கடைசிப் பக்கத்தில் வரிசையாக எழுதினாள். அந்த வரிசை நாவலைவிட நீளமாகப் போயிற்று. ஆனால் மேல்மாடியில் படித்ததைச் சொன்னால் மார்க் கிடையாது. படித்ததை வைத்துச் சண்டை போட வேண்டும். மற்ற பதினாலு பேரும் சாப்பாட்டு மேஜையிலேயே அப்பனோடு சண்டை போட்டு வளர்ந்தவர்கள். அதிலும் வக்கீல் வீட்டுப் பையன் ஒருவன், எல்லாரும் அவனை யுவர் ஆனர் என்றுதான் கூப்பிடுவார்கள், கதாநாயகி செத்தது நியாயமா என்று கேட்டால் இரண்டு பக்கத்துக்கும் வாதாடித் தீர்ப்பும் அவனே சொல்லிவிடுவான்.

"நீ என்ன நினைக்கிற?" என்று ஊசியிடம் கேட்டால், "பாவம் சார்," என்பாள்.

"பாவம்கிறது வாதமா?" என்பான் யுவர் ஆனர். வகுப்பு சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன். நன்றாகத்தான் சொன்னான்.

முதல் கட்டுரையில் முப்பத்தொன்பது. இரண்டாவதில் நாற்பத்துநாலு.

அரையாண்டு நெருங்கியபோது பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டார். பள்ளி வாசலில் ஒரு பெரிய பலகை உண்டு. 'உயர் ஆங்கிலம்: வகுப்புச் சராசரி எண்பதுக்குக் குறையாது.' ஆறு வருஷமாக அந்த வரியை யாரும் அழிக்கவில்லை. எண்பதுக்கு ஒரு புள்ளி குறைந்தாலும் அழித்துத்தான் ஆக வேண்டும்.

"அந்தப் பொண்ணு எப்படி?" என்றார்.

"முயற்சி பண்றா மேடம்."

"முயற்சியைப் பலகையில எழுத முடியுமா?"

"முடியாது மேடம்."

"அப்ப பாத்து செய்யுங்க."

பாத்து செய்யுங்க என்றால் என்ன என்று எனக்கு விளக்க வேண்டியதில்லை. கடையில் அப்பா, சாயம் போன துணியைக் கண்ணால் காட்டிச் சொல்கிற அதே சொல்.

நான் அவ்வளவு கெட்டவன் இல்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றவே நினைத்தேன், நினைப்புக்கென்ன செலவு. புதன்கிழமை, காலி நேரத்தில், நடுமாடிக்குப் போய் அரைமார்க்கின் மேஜை முன்னால் நின்றேன். வகுப்பு மாற்றும் சீட்டை அவர் பக்கம் நகர்த்தினேன். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் அது அலுவலகத்துக்குப் போக வேண்டும். அதற்கு மேல் பொது ஆங்கிலப் பரீட்சைக்குப் பெயர் சேர்க்க முடியாது.

"எங்கிட்டருந்து எடுத்துட்டுப் போன பொருளுதானே இது?" அரைமார்க் சீட்டைத் தொடவே இல்லை. "எடுக்கும்போது மடிப்புக் கலையாம இருந்துச்சு. இப்ப நூல் பிரிஞ்சு கொண்டு வரீங்க."

"எழுபது வாங்கின பொண்ணு டீச்சர். உங்களுக்கு நஷ்டமில்ல."

"அவ இடத்துல வேற ஒருத்தனைச் சேத்தாச்சு. முப்பத்துநாலு நாற்காலி. முப்பத்தஞ்சாவதை நான் மடியிலயா வெச்சுக்கறது?"

"நாற்காலி நான் தூக்கிட்டு வரேன்."

"திருத்தறதுக்கு வருவீங்களா?"

பேரம் ஆரம்பித்துவிட்டது. எனக்கு உடம்பெல்லாம் சூடாகி ஒரு சந்தோஷம்.

"என்ன வேணும், சொல்லுங்க," என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அடுத்த வருஷமும் தரைத்தளத்துல கடைசி பீரியட் எனக்குப் போட்டிருக்காங்க. செவ்வாய், வியாழன். அந்த ரம்பத்தோட கத்திக் கத்தித் தொண்டை போச்சு. அதை நீங்க எடுத்துக்குங்க. கையெழுத்துப் போடறேன்."

"ரெண்டு நாளுமா?"

"ரெண்டு நாளும்."

"பரீட்சை மேற்பார்வை ஆறு நாள் உங்களுக்குப் பதிலா நிக்கறேன்."

"வேணாம்."

"எட்டு நாள். அதோட செவ்வாய் மட்டும்."

"சார், இது என்ன கத்தரிக்காயா?"

இந்த இடத்தில்தான் ஒவ்வொரு வாங்குகிறவனுக்கும் ஒரு வேலை இருக்கிறது. எங்கள் தெருவில் பேசத் தெரியாத குழந்தைக்குக்கூட அது தெரியும். படி இறங்க வேண்டும். பொருளில் ஆசையே இல்லாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கடையை விட்டு இறங்கினால், இரண்டாவது படியில் கூப்பிடுவார்கள். இரண்டாவதில் கூப்பிடாவிட்டால் மூன்றாவதில் கூப்பிடுவார்கள். விலை இன்னும் குறையும். திரும்பிப் பார்ப்பவன் தோற்றான்.

சீட்டை அவர் மேஜையிலேயே விட்டுவிட்டு, "பாக்கலாம்," என்று கிளம்பினேன். வராந்தாவில் மெதுவாக நடந்தேன். மாடிப்படி வரை அவர் கூப்பிடவில்லை. சரி, கெட்டிக்காரி, நாளைக்குக் கூப்பிடுவார் என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை அவர் வகுப்பு வாசல் வழியாக இரண்டு தடவை போனேன். அந்த வழியில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. இரண்டு தடவையும் நேராகப் பார்த்துக்கொண்டு போனேன். அவர் கரும்பலகையிலிருந்து திரும்பிப் பார்த்தது என் ஓரக்கண்ணில் விழுந்தது. பழம் கனிகிறது என்று சந்தோஷப்பட்டேன். ஊசி அன்று மதியம் என்னிடம் வந்து, "சார், அம்மா கேக்கச் சொன்னாங்க, பழைய வகுப்புக்கு மாத்திடுவீங்களான்னு," என்றாள். "பேசிட்டிருக்கேன்," என்றேன். பொய்யில்லை. பேசாமல் இருப்பதுதான் அந்த நேரத்துப் பேச்சு.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு, இனி அவர் தாங்கமாட்டார், நாமே போய்ச் செவ்வாய்க்கிழமையைக் கொடுத்து முடித்துவிடலாம் என்று நடுமாடிக்குப் போனேன். அறை பூட்டியிருந்தது. பல் மருத்துவரிடம் போக அரை நாள் விடுப்பாம். ஒரு மணிக்கே கிளம்பிவிட்டார். போன் செய்தேன். அணைத்து வைத்திருந்தார். வாயைத் திறந்துகொண்டு நாற்காலியில் சாய்ந்திருப்பவர் எப்படி எடுப்பார்? அலுவலகத்துக்கு ஓடினேன். எழுத்தர் நாலு மணிக்கு ஒரு விரலால் பொத்தானை அழுத்தினார்.

"போயிடுச்சு சார். கதவு சாத்தியாச்சு."

"ஒரே ஒரு பேருங்க."

"எல்லாரும் ஒரே ஒரு பேருதான் சார் சொல்றாங்க."

திங்கட்கிழமை அரைமார்க் வீங்கின கன்னத்தோடு வந்தார். மேஜை இழுப்பறையைத் திறந்து சீட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். கீழே அவர் கையெழுத்து. தேதி, புதன்கிழமை.

"நீங்க போனதுமே போட்டுட்டேன்," என்றார், பாதி வாயால். "பொண்ணு என்ன பண்ணுவா பாவம்னு. வந்து கேப்பீங்கன்னு வெச்சிருந்தேன். ரெண்டு தடவை வாசல்ல போனீங்க, திரும்பிக்கூடப் பாக்கல. சரி, மனசு மாறிட்டீங்க, மேலயே வெச்சுக்கப் போறீங்கன்னு நினைச்சேன்."

"அந்த ரெண்டு பீரியட்?"

"சும்மா கேட்டுப் பாத்தேன். உங்க ஊர்ப் பழக்கம்தானே?"

சும்மா கிடைக்கிற பொருளுக்காக நான் மூன்று நாள் படி இறங்கியிருக்கிறேன். கடைத்தெருவில் வளராதவர்களோடு வியாபாரம் பேசக் கூடாது. அவர்களுக்குக் கூப்பிடத் தெரியாது.

இனி வழி இரண்டே. ஊசி மேல்மாடியிலேயே இருந்து பரீட்சை எழுதலாம். அல்லது தரைத்தளத்துக்கு இறங்கலாம். அந்தக் கதவு மட்டும் வருஷம் பூராவும் திறந்தே இருக்கும். சாத்துகிற அளவுக்கு அதை யாரும் மதிப்பதில்லை.

விஷயத்தை அவளிடம் சொன்னேன், என் படிக் கதையை விட்டுவிட்டு. பொது ஆங்கிலத்தில் இடம் இல்லை என்று மட்டும்.

அவள் அழவில்லை. "அப்ப நான் இங்கயே எழுதறேன் சார். அறுபது எடுத்துடுவேன்."

"நாற்பத்துநாலுலருந்தா?"

"இன்னும் நாலு மாசம் இருக்கு சார்."

மூன்றாவது கட்டுரையில் நாற்பத்தொன்பது வாங்கினாள். நாலாவதில் ஐம்பத்துமூன்று. கணக்குப் போடத் தெரிந்த யாருக்கும் புரியும், இப்படியே போனால் பரீட்சைக்குள் அறுபதைத் தொட்டுவிடுவாள். நானும் போட்டேன். மற்ற பதினாலு பேரின் சராசரி எண்பத்தொன்று. அவளையும் சேர்த்து எண்பதில் நிற்க வேண்டுமானால் அவள் அறுபத்தாறு வாங்க வேண்டும். அறுபது வாங்கினால் எழுபத்தொன்பது சொச்சம்; பலகையில் சொச்சம் எழுதுவதில்லை.

அவளுக்கு அறுபது போதும். எனக்கு அறுபத்தாறு வேண்டும். நடுவில் ஆறு மார்க். அந்த ஆறை அவளால் தர முடியாது. விட்டுக்கொடுப்பது எனக்கு வழக்கமில்லை.

பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது தரைத்தளத்துக்கான படிவத்தை அவளிடம் நீட்டினேன். மாணவி, பெற்றோர், ஆசிரியர், மூன்று கையெழுத்தும் வேண்டும்.

"போட மாட்டேன் சார்," என்றாள். குரல் உயரவில்லை. "கீழ போனா நர்சிங் கிடையாது. உங்களுக்கே தெரியும்."

"உனக்காகத்தான் சொல்றேன்."

"தெரியும் சார். இருந்தாலும் போட மாட்டேன்."

மேல்மாடியில் வகுப்புத் திருத்தம் என்று ஒரு வழக்கம் உண்டு. யாராவது ஒருவர் கட்டுரையைப் பெயர் சொல்லாமல் நான் படிப்பேன். பிள்ளைகள் குறை கண்டுபிடிப்பார்கள். மாதத்துக்கு ஒன்று, ஒவ்வொரு தடவையும் வேறு ஆள். அந்த வாரம் தினமும் வைத்தேன். தினமும் ஒரே கையெழுத்து.

பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமா? எதைப் பற்றி எழுதினாலும் அவளுக்கு ஆஸ்பத்திரிதான் உதாரணம். திங்கட்கிழமை உற்சாகமாகப் பாய்ந்தார்கள். இந்த வரிக்கு ஆதாரம் எங்கே, இந்தப் பத்தி எதற்கு, இது கட்டுரையா வார்டு சுற்றிக் காட்டலா. ஊசி எல்லாக் குறையையும் குறித்துக்கொண்டாள். செவ்வாய்க்கிழமையும் குறித்துக்கொண்டாள். புதன்கிழமை நான் கொஞ்சம் நாடகமாகவே படித்தேன். அவள் திணறுகிற இடத்தில் திணறி, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பப் போட்ட இடத்தில் அழுத்தி. எதிர்ப்பக்கத்தில் ஒருத்தி மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். ஊசியின் பேனா நின்றுபோயிருந்தது.

வியாழக்கிழமை நான் தாளை எடுத்ததும் யுவர் ஆனர் கையைத் தூக்கினான்.

"சார், போதும் சார்."

"என்ன போதும்?"

"வேற யாரோடதாவது படிங்க சார். என்னோடதைப் படிங்க."

"உன்னோடதுல குறை இல்லையே," என்றேன்.

படிக்க ஆரம்பித்தேன். குறை சொல்ல ஆளில்லாததால் நானே சொன்னேன், ஒவ்வொரு வரியாக, நாற்பது நிமிஷம். மரத்தில் ஒரு பறவை கத்திக்கொண்டிருந்தது. மணி அடித்து எல்லாரும் போன பிறகு அவள் என் மேஜைக்கு வந்தாள்.

"குடுங்க சார், அந்த ஃபார்ம்."

வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில் அம்மாவையும் கூட்டி வந்தாள். அதே நீல மேலங்கி. இந்தத் தடவை கால் மணிதான் அனுமதி. கதவருகே நின்றே பேசினார்.

"திரும்பப் பழைய வகுப்புக்கு வரலாம்னு சொன்னீங்களே சார்."

"அங்க இடம் இல்லைங்க. நான் எவ்வளவோ பேசிப் பாத்தேன்."

"அப்ப நர்சிங்?"

நான் படிவத்தைப் பார்த்தேன். அதில் அந்தக் கேள்விக்கு ஒரு கட்டம் இல்லை.

அவர் மகள் பக்கம் திரும்பினார். "சார் தேடி வந்து கூப்பிட்டாரு. உன்னோட எழுத்தை எல்லார் முன்னாடியும் படிச்சுக் காட்டினாரு. அப்படிப்பட்ட மனுஷனுக்குக் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டியேடி. ராத்திரி பகலா என்னத்தப் படிச்ச நீ?"

ஊசி அம்மாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். ஒரு வார்த்தை, ஐம்பத்துமூன்று என்று ஒரே ஒரு வார்த்தை நான் சொன்னால் போதும் என்று அவளும் நானும் அறிந்திருந்தோம். நான் பேனாவின் மூடியைக் கழற்றி அவள் பக்கம் வைத்தேன்.

"காரணம்னு ஒரு கட்டம் இருக்கு பாரு. மாணவியின் சொந்த விருப்பம்னு எழுதிடு."

எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். அம்மா அவளிடமிருந்து பேனாவை வாங்கி, தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக வரைந்தார். வரைந்து முடித்ததும் அவர் கோபமும் முடிந்துவிட்டது. தினமும் கறையோடு மல்லுக்கட்டுகிறவர்கள். போகாத கறையை எப்போது விட்டுவிட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும்.

"அந்தக் கீழ் வகுப்புல என்னங்க சார் சொல்லித் தருவாங்க?"

"ஃபார்ம் நிரப்பறது, போன் பேசறது, வேலைக்கு அப்ளிகேஷன் எழுதறது. எல்லாம் உபயோகமான விஷயம்."

"அப்படியா?" அவர் முகத்தில் மெதுவாக ஒரு கணக்கு ஓடியது. "நல்லதாப் போச்சு. எங்க லாண்டரியில மூணு பேரு வேணுமாம், பள்ளிக்கூடம் முடிச்சவங்களா. அப்ளிகேஷன் இங்கிலீஷ்லதான் எழுதணும்னு சூப்பர்வைசர் சொன்னாரு. நான் சொன்னா எடுத்துக்குவாரு." மகளின் தோளைத் தொட்டார். "பரீட்சை முடிஞ்ச கையோட வந்துடு. என் பக்கத்து மெஷினே கேட்டு வாங்கிடலாம்."

ஊசி பேனாவை மூடி என்னிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன்.